ரீஸ்டார்ட் ஆனதும் டைட்விஎன்சி 10061 எண்டு மறுக்குது; ஆராவது லொகின் பண்ணினால்தான் உள்ள போகலாம்

#1 வாவிக்கரை (கல்லடி)

எல்லாருக்கும் வணக்கம். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலை ஒஃபிஸ். கணக்கு ஓடுற மெயின் மெஷின் பின்னறையில் கிடக்கு, மொனிட்டர் பெரும்பாலும் ஓஃப்தான். முன் மேசையில் இருந்தும், கல்லடியில் இருந்தும் அதுக்குள்ள போகவேணும்.

விண்டோஸ் 10 ப்ரோ, 4 ஜிபி ரெம், பழைய ஹார்ட் டிஸ்க். தூரத்தில் இருந்து திரையைப் பார்த்து இயக்க டைட்விஎன்சி 2.8. முகவரி 192.168.1.12, போட் (மெஷினுக்குள்ள போற கதவு எண்) 5900. வெளியில் இருந்து வர டெயில்ஸ்கேல் (இன்டர்நெட்டுக்குள்ளால தனி வழி போடுற விபிஎன்) போட்டிருக்கு.

ரீஸ்டார்ட் ஆனால் முன் மேசையில் இருந்து உடனே மறுப்பு வருது, பிழை எண் 10061. கல்லடியில் இருந்து போட்டால் மறுப்பும் இல்லை, பதிலும் இல்லை. சுத்திச் சுத்தி 10060 இல் போய் நிக்குது. ஆராவது பின்னறைக்குப் போய் பாஸ்வேர்ட் அடிச்சு டெஸ்க்டொப் வந்தால் ரெண்டு பக்கமும் சரியாகுது. ஃபயர்வோலை ஓஃப் பண்ணியும் பார்த்தாச்சு, மாற்றமில்லை, இப்பவும் ஓஃபில்தான் கிடக்கு. டைட்விஎன்சியை ரெண்டு தரம் எடுத்துப் போட்டாச்சு. மாரி தொடங்கமுந்தி இதைச் சரிக்கட்டவேணும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தரமும் பின்னறைக்கு ஆள் அனுப்பேலா.

#2 வயர்காரன் (கல்முனை)

தம்பி, ரெண்டு எண்ணையும் தனித்தனியா எழுதினது நல்லம். அதுலயே பாதி விடை இரிக்கு.

10061 எண்டால் கதவைத் தட்டினீங்க, வீட்டுல ஆள் இரிக்கு, ஆனா "இந்த அறையில ஒருத்தரும் இல்ல" எண்டு பதில் வந்திரிக்கு. அந்த முகவரியில ஒரு மெஷின் உயிரோட இரிக்கி, வயர் சரி, சுவிட்ச் சரி. 5900 இல கேட்டுக்கொண்டிருக்கிற புரோகிராம்தான் இல்லை. 10060 எண்டால் தட்டினதுக்குப் பதிலே இல்லை. அதுக்குக் காரணம் பல.

ஆள் லொகின் பண்ணினதும் சரியாகுது எண்டால் டைட்விஎன்சி சேர்விஸா (ஆள் லொகின் பண்ணமுந்தியே விண்டோஸோட தானா எழும்புறது) ஓடல்ல, சாதாரண புரோகிராமா ஓடுது. இன்ஸ்டோல் பண்ணும்போது சேர்வரை சிஸ்டம் சேர்விஸாகப் பதியவா எண்டு ஒரு டிக் வரும். அதை எடுத்துவிட்டிருந்தால் எத்தனை தரம் அழிச்சுப் போட்டாலும் இதே கதைதான். சேர்விஸஸ் பட்டியலைத் திறந்து "டைட்விஎன்சி சேர்வர்" எண்டு ஒரு வரி இரிக்கா எண்டு பாருங்க.

#3 செங்கலடி_நெட்

வயர்காரன் காக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன், இதில் ஆக்கள் அடிக்கடி வழுக்குறது.

பதில் சொன்னது அந்த மெஷின்தானா எண்டதை முதல் உறுதிப்படுத்தவேணும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் முகவரிகளைத் திரும்பப் பங்கிடும். .12 பிரின்டருக்குப் போயிருந்தால் பிரின்டரிலும் 5900 இல்லை, அதுவும் 10061 எண்டு ஒழுங்கா மறுக்கும். நாங்கள் டைட்விஎன்சியை உருட்டிக்கொண்டு இருப்பம். மறுப்பு வந்த உடனேயே முன் மேசையில் கொமாண்ட் திரையைத் திறந்து "ஏஆர்பி", ஒரு இடைவெளி, "-ஏ" எண்டு அடியுங்க. .12 க்கு நேரே வரும் ஆறு சோடி எழுத்துகளை, பின்னறை மெஷினில் "கெட்மெக்" அடிச்சால் வருவதோட ஒப்பிடுங்க. ரெண்டும் ஒண்டா இருக்கவேணும்.

மற்றது, 10060 எண்டால் ஃபயர்வோல் அடைக்குது எண்டு எல்லாரும் எடுக்கிறது. விண்டோஸ் ஃபயர்வோல் ஓனில் இருந்தால், கேட்க ஆளில்லாத போட்டுக்கு மறுப்பே அனுப்பாது, பக்கெட்டை அப்படியே விழுங்கிவிடும். ஆக சேர்விஸ் செத்துக்கிடந்தாலும் 10060 தான் தெரியும். உங்களுக்கு 10061 வந்ததே ஃபயர்வோல் ஓஃபில் இருக்கிறதால. அதை அப்படியே விடாதீங்க, வேலை முடிய ஓன் பண்ணவேணும். எப்படி எண்டு கடைசியில் எழுதுறன்.

#4 வாவிக்கரை

பார்த்தன். ஆறு சோடியும் ஒண்டுதான், பிரின்டர் இல்லை. சேர்விஸஸ் பட்டியலில் டைட்விஎன்சி எண்ட பேரே இல்லை. ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அதின்ட ஷோர்ட்கட் ஒண்டு கிடக்கு.

#5 வயர்காரன்

அப்ப முடிஞ்சிது. வரிசையைப் பிடிச்சுச் செய்யுங்க, மாறினால் வேற பிழை வரும்.

முதல் அந்த ஷோர்ட்கட்டை அழிச்சு, ஓடிக்கொண்டிரிக்கிற டைட்விஎன்சியை மணிக்கூட்டுப் பக்கத்து ஐகொனில் வலது கிளிக் பண்ணி மூடுங்க. இதை விட்டுட்டு சேர்விஸைத் தொடக்கினால் ரெண்டும் 5900 க்கு அடிபடும். ரெண்டாவதா வந்தது 10048 எண்டு சொல்லி விழும், போட்டை ஏற்கெனவே வேற ஆள் பிடிச்சிரிக்கு எண்டு அர்த்தம்.

மறுகா ஸ்டார்ட் மெனுவில் டைட்விஎன்சிக்குக் கீழே "சேர்விஸ் மோட்" எண்டு இரிக்கிற கூட்டத்துல, பதியிற வரியை முதலும் தொடக்கிற வரியைப் பிறகும் அமத்துங்க. அட்மின் அனுமதி கேக்கும், குடுங்க. சேர்விஸஸ் பட்டியலில் பேர் வந்திரிக்கும், ஸ்டார்ட்அப் டைப் "ஓட்டோமெட்டிக்" எண்டு இரிக்கவேணும். உறுதிக்கு "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" அடிச்சு 5900 வரியில் "லிஸ்ஸனிங்" எண்டு வருதா பாருங்க. கடைசி எண் பிஐடி, ஓடுற புரோகிராமுக்கு விண்டோஸ் குடுக்கிற இலக்கம். டாஸ்க் மனேஜரில் அந்த எண் டைட்விஎன்சிட சேர்வர் ஃபைலுக்குத்தான் சொந்தமா எண்டும் பாருங்க.

இதைச் சோதிக்கிறதுக்கு ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஒருத்தரும் பின்னறைக்குப் போகாதீங்க. கீபோர்டைத் தொட்டால் சோதனை கெட்டுப்போகும்.

#6 நிந்தவூர்_ஷொப்

இடையில வாறதுக்கு மன்னிக்கவும், என்ட சிக்கலும் ரீஸ்டார்ட் தான். விஎன்சி இல்லை, விண்டோஸோட வார ரிமோட் டெஸ்க்டொப், போட் 3389, விண்டோஸ் 11 ப்ரோ. போன கிழமை ரவுட்டர் மாத்தினது, அதுக்குப் பிறகு ரீஸ்டார்ட் பண்ணினதில இருந்து 10060. லொகின் பண்ணி இருந்தாலும் அதேதான். சேர்விஸ் ஓடுது, நெட்ஸ்டாட்டில் 3389 லிஸ்ஸனிங் எண்டும் தெரியுது.

#7 செங்கலடி_நெட்

லிஸ்ஸனிங் எண்டு வந்தும் வெளியில் 10060 எண்டால் உங்களுக்கு ஃபயர்வோல்தான். வாவிக்கரையின்ட சிக்கல் வேற, அவர்ட படிகளைச் செய்யாதீங்க.

புது ரவுட்டர் வந்தால் விண்டோஸுக்கு அது புது நெட்வேர்க். ஆரும் சொல்லாவிட்டால் அதை "பப்ளிக்" (நம்பேலாத பொது நெட்வேர்க்) எண்டு எடுத்துக்கொள்ளும். உங்கட ஃபயர்வோல் விதியில் "ப்ரைவேட்" மட்டும் டிக் இருந்தால் அந்த விதி அங்க செல்லாது. செட்டிங்ஸ், நெட்வேர்க், நீங்கள் பாவிக்கிற ஈதர்நெட் அல்லது வைஃபையின்ட விபரம், அதுக்குள்ள "ப்ரைவேட்" எண்டு மாத்துங்க. மற்ற மெஷினில் இருந்து உடனே போட்டுப் பாருங்க, ரீஸ்டார்ட் தேவையில்லை.

ரவுட்டர் மாத்தாதவங்களுக்கும் இது வரும். கரண்ட் வந்ததும் மெஷின் முந்தி எழும்பி, ரவுட்டர் பிந்தி எழும்பினால், மெஷினுக்கு 169.254 இல் தொடங்கும் முகவரி கிடைக்கும். "அடையாளம் தெரியாத நெட்வேர்க்" எண்டு பப்ளிக்கில் போடும். ரவுட்டர் வந்த பிறகு பெரும்பாலும் தானாத் திரும்பும், ஆனா முகவரியைத் திரும்பக் கேட்கிறது 5 நிமிசத்துக்கு ஒருக்காதான், அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கவேணும். அந்த மெஷினுக்கு நிலையான முகவரி குடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. ரவுட்டர் பங்கிடுற எல்லைக்கு வெளியில் ஒரு எண்ணாப் பார்த்துக் குடுங்க. பங்கீடு 100 இல் இருந்து 200 எண்டால் 12 சரி, 150 பிழை.

#8 நிந்தவூர்_ஷொப்

பப்ளிக்கில்தான் கிடந்தது. மாத்தின உடனே வந்திட்டு. பெரிய உபகாரம்.

#9 வாவிக்கரை

சேர்விஸ் பதிஞ்சாச்சு. ரீஸ்டார்ட் பண்ணி ஒருத்தரும் தொடவில்லை. 10061 போயிட்டு, ஆனா இப்ப சேர்வர் ஒழுங்காச் செட் பண்ணப்படவில்லை எண்டு சொல்லி வெட்டுது. பாஸ்வேர்ட் கேக்கவே இல்லை. முந்தி நாங்க வச்ச பாஸ்வேர்ட் அப்படியேதானே இருக்கவேணும்? கல்லடியில் இருந்து இன்னும் 10060.

#10 வயர்காரன்

இல்ல தம்பி, அப்படியே இராது. டைட்விஎன்சிக்கு ரெண்டு பெட்டி. புரோகிராமா ஓடினால் செட்டிங் அந்த யூசர்ட ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸ் செட்டிங்குகளைச் சேர்த்துவைக்கிற இடம்) இரிக்கும், சேர்விஸா ஓடினால் மெஷின்ட பொது ரெஜிஸ்ட்ரியில. நீங்க வச்ச பாஸ்வேர்ட் முதலாவது பெட்டியில. ரெண்டாவது வெறுமை. பாஸ்வேர்ட் வேணும் எண்டு சொல்லி பாஸ்வேர்டே இல்லாட்டி அது ஆரையும் உள்ள விடாது, அந்தச் செய்திதான் உங்களுக்கு வந்தது.

சேர்விஸ் மோட் கூட்டத்துல செட்டிங் வரியைத் திறந்து ப்ரைமரி பாஸ்வேர்டை வைங்க. விஎன்சி பாஸ்வேர்டில முதல் 8 எழுத்துத்தான் கணக்கு. 15 எழுத்து வச்சால் மிச்சம் 7 ம் வீண். அந்த 8 உம் கடை பேரோ போன் இலக்கமோ இல்லாமப் பார்த்துக்கொள்ளுங்க. பார்க்கமட்டும் ஒரு பாஸ்வேர்ட் தனியா இரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு அதைக் குடுக்கலாம்.

கல்லடிப் பக்கம் வேற வியாதி. விண்டோஸில டெயில்ஸ்கேல் ஆள் லொகின் பண்ணின பிறகுதான் இணையும். மணிக்கூட்டுப் பக்கத்து ஐகொன், ப்ரிஃபரன்ஸ், அதுல "ரன் அன்அட்டெண்டட்" எண்டதை டிக் பண்ணினால்தான் லொகினுக்கு முந்தியும் நிக்கும். இன்னொண்டு, டெயில்ஸ்கேல்ட சாவி சாதாரணமா 180 நாளில முடியும். முடிஞ்சால் திரும்ப ஆள் இருந்து லொகின் பண்ணவேணும். அட்மின் பக்கத்துல இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சாவி முடியிறதை நிப்பாட்டி வைங்க. அரை வருசம் கழிச்சு திடீரெண்டு அறுந்தால் ஆருக்கும் இது ஞாபகம் வராது.

#11 வாவிக்கரை

ரெண்டும் செய்தாச்சு. ரீஸ்டார்ட், ஒருத்தரும் தொடவில்லை, ரெண்டு பக்கத்தாலும் லொகின் திரை தெரியுது. வயர்காரன் அண்ணன், செங்கலடி அண்ணன், ரெண்டு பேருக்கும் நன்றி.

#12 வாவிக்கரை

நாலு நாள் கழிச்சுத் திரும்ப வாறன். பின்னேரம் ஷட்டவுன் பண்ணி காலையில ஓன் பண்ணினால் பிழையில்லை. இன்றைக்குக் கரண்ட் போய் வந்தது, மெஷின் எழும்பினது, ஆனா திரும்ப 10061. ஏஆர்பி பார்த்தன், மெஷின் அதுதான். பின்னறைக்குப் போய் லொகின் பண்ணியும் 10061! சேர்விஸஸில் "டைட்விஎன்சி சேர்வர்" ஓட்டோமெட்டிக் எண்டு இருக்கு, ஆனா ஓடல்ல. கையால தொடக்கினா ஓடுது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லொக்கில் ரெண்டு சிவப்பு வரி: 7009, அதுக்கு மேலே 7000. 7009 இல் 30000 மில்லிசெக்கண்ட் எண்டு ஒரு எண் கிடக்கு.

#13 செங்கலடி_நெட்

எண்களோட வந்ததுக்கு நன்றி. இப்ப முழுக்கத் தெளிவு.

7009 எண்டால் விண்டோஸ் அந்தச் சேர்விஸைத் தொடக்கிப்போட்டு 30 செக்கண்ட் காத்திருந்தது, "நான் வந்திட்டன்" எண்டு அது பதில் சொல்லவில்லை. 7000 அதின்ட முடிவு: தொடக்க முடியவில்லை. டைட்விஎன்சியில் குறையில்லை. பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரெம், கரண்ட் போய் அநியாயமா நிண்ட விண்டோஸ் டிஸ்கைச் சரிபார்த்துக்கொண்டு எழும்புது, அன்டிவைரஸும் அதே நேரம் டிஸ்கைப் பிடிச்சிருக்கு. டாஸ்க் மனேஜரில் அந்த நேரம் டிஸ்க் 100 வீதத்தில நிக்கும். 30 செக்கண்டுக்குள்ள டைட்விஎன்சிட ஃபைலை வாசிச்சே முடியாது.

பின்னேரம் ஷட்டவுன் பண்ணிக் காலையில எழுப்பினா ஏன் பிழைக்கவில்லை எண்டு கேட்பீங்க. விண்டோஸ் 8 இல் இருந்து "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" எண்டு ஒண்டு இருக்கு. ஷட்டவுன் எண்டு நாங்க நினைக்கிறது முழு ஷட்டவுன் இல்லை. விண்டோஸ் தன்ட கேர்னலையும் (உள் மையப் பகுதி) சேர்விஸ்களையும் டிஸ்கில் எழுதிவச்சு உறங்கும், காலையில அதையே எடுத்து எழும்பும். சேர்விஸ் புதுசாத் தொடங்கவே இல்லை. ரீஸ்டார்ட்டும் கரண்ட் கட்டும்தான் உண்மையான தொடக்கம். அண்டைக்கு நீங்க செய்த ரீஸ்டார்ட்டில் டிஸ்க் சுத்தமா இருந்ததால தப்பிச்சிது.

செய்யவேண்டியது: சேர்விஸின்ட ஸ்டார்ட்அப் டைப்பை "ஓட்டோமெட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்" எண்டு மாத்துங்க. மற்ற சேர்விஸ்கள் எழும்பி 2 நிமிசமளவில்தான் இது தொடங்கும், நெரிசல் குறைஞ்சிருக்கும். அதோட காத்திருப்பு நேரத்தையும் கூட்டுங்க. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் எச்கேஎல்எம், சிஸ்டம், கரண்ட்கொன்ட்ரோல்செட், கொன்ட்ரோல் வரைக்கும் போங்க. அதுக்குள்ள "சேர்விஸஸ்பைப்டைம்அவுட்" எண்ட பேரில் ஒரு 32 பிட் டிவேர்ட் உண்டாக்கி, டெசிமல் எண்டு தெரிவுசெய்து 60000 குடுங்க. டெசிமலைத் தெரிவுசெய்ய மறந்தால் அதே எண்ணை ஹெக்ஸில் எடுத்து ஆறரை நிமிசமாக்கிப்போடும். பேரை இடைவெளி இல்லாமல், ஆங்கிலத்தில் ஒரே சொல்லா அடிக்கவேணும். இது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகுதான் வேலை செய்யும்.

சேர்விஸின்ட "ரெகவரி" பக்கத்தில் திரும்பத் தொடக்கு எண்டு வச்சால் போதாதா எண்டால், போதாது. அது ஓடிக்கொண்டிருந்து இடையில விழுந்த சேர்விஸுக்கு. தொடங்கவே இல்லாததுக்கு அதை நம்பேலா.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஓஃப் பண்ணுங்க: கொன்ட்ரோல் பெனல், பவர் ஒப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்யவேணும் எண்ட இடம். அப்ப ஒவ்வொரு காலையும் ஒரு சோதனையா இருக்கும், பிழை இருந்தால் மழை நாள் வரைக்கும் ஒளிச்சுக்கிடக்காது. உண்மையான மருந்து எஸ்எஸ்டி, சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க். 240 ஜிபி போதும், டிஸ்கை அப்படியே கொப்பி பண்ணலாம்.

#14 ஆரையம்பதி_பவர்

இவ்வளவும் மெஷின் தானா எழும்பினால்தான். அதைப் பற்றி ஆரும் சொல்லவில்லை, வாவிக்கரைக்கு இப்ப எழும்புது, ஆனா யூபிஎஸ் போட்டால் நிக்கலாம்.

பயோஸில் (விண்டோஸுக்கு முந்தி வார மெயின்போர்ட் செட்டிங்) கரண்ட் திரும்பினால் என்ன செய்யவேணும் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், "ரிஸ்டோர் ஒன் ஏசி பவர் லொஸ்" மாதிரிப் பேர். "பவர் ஓன்" எண்டு இருக்கவேணும். யூபிஎஸ் போட்ட பிறகு வரும் சிக்கல்: பட்டரி குறையுது எண்டு யூபிஎஸ்ஸின்ட சொஃப்ட்வெயார் விண்டோஸை ஒழுங்காக மூடும். ஆனா பட்டரி முழுக்க இறங்கமுந்தியே 230 வோல்ட் திரும்பி வந்தால், மெஷினுக்குக் கரண்ட் அறுந்ததே தெரியாது. அறுந்தால்தானே "பவர் ஓன்" வேலை செய்யும். மெஷின் ஓஃபிலேயே கிடக்கும், விஎன்சி 10060 எண்டும். யூபிஎஸ் சொஃப்ட்வெயாரில், விண்டோஸ் மூடினதும் யூபிஎஸ்ஸும் தன்ட வெளிக் கரண்டை வெட்டி, மெயின் கரண்ட் வந்தால் திரும்பக் குடுக்கிற ஒப்ஷன் இருந்தால் போடுங்க. ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருகுங்க, அப்ப 169.254 பிரச்சினையும் குறையும்.

மெயின்போர்ட் பட்டரியையும் பாருங்க. சிஆர்2032, காசு மாதிரி வட்டம், 3 வோல்ட். கடற்கரைப் பக்கக் காத்தில் அந்தப் பட்டரி இருக்கிற தகட்டில் பச்சையும் வெள்ளையுமா மாப்பூத்தின மாதிரி ஒண்டு பிடிக்கும், பட்டரி புதுசா இருந்தாலும் தொடுப்பு விட்டுப்போகும். பட்டரி செத்தால் கரண்ட் போகும்போது பயோஸ் செட்டிங்கும் திகதியும் அழியும். "பவர் ஓன்" போயிடும். திகதி பல வருசம் பின்னால போனால் சேர்டிஃபிகேட் செல்லாமல் டெயில்ஸ்கேல் மாதிரி இன்டர்நெட்டோட பேசுறது எல்லாம் மறுக்கும், உள்ளுக்குள்ள விஎன்சி மட்டும் ஓடும். மெஷின் எழும்பினதும் மணிக்கூட்டைப் பார்க்கிறது அஞ்சு செக்கண்ட் வேலை.

#15 வந்தாறுமூலை_லினக்ஸ்

விண்டோஸ் இல்லாதவங்களுக்கும் ஒரு குறிப்பு, தேடி வாறவங்களுக்கு உதவும். உபுண்டு 22.04 இல் தானா லொகின் ஆகிற மாதிரி வச்சு, அதோட வார ரிமோட் டெஸ்க்டொப்பைப் பாவிச்சால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பாஸ்வேர்ட் மறுக்கும். பாஸ்வேர்ட் கீரிங் எண்ட பெட்டிக்குள்ள இருக்கு, அந்தப் பெட்டியைத் திறக்கிறது நாங்க அடிக்கிற லொகின் பாஸ்வேர்ட். தானா லொகின் ஆனால் பெட்டி பூட்டிலேயே கிடக்கும். ஒண்டில் தானா லொகின் ஆகிறதை விடவேணும், இல்லாட்டி எக்ஸ்ஆர்டிபி எண்ட வேற ரிமோட் டெஸ்க்டொப் சேர்வரைப் போடவேணும். எக்ஸ்ஆர்டிபி போட்டால், சேர்விஸ்களை இயக்குற சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் "ஸ்டார்ட்" மட்டும் குடுத்துப்போட்டு "எனேபிள்" குடுக்க மறக்காதீங்க, அடுத்த ரீஸ்டார்ட்டில அது எழும்பாது. திரையில் ஏற்கெனவே லொகின் பண்ணின அதே யூசரில் வந்தால் கறுப்புத் திரை வரும், அதுக்கு வேற யூசரை வச்சுக்கொள்ளுறது சுகம்.

#16 வாவிக்கரை

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓஃப், டிலேய்ட் ஸ்டார்ட், 60000 மூண்டும் செய்தாச்சு. சோதனைக்கு மெஷின் சும்மா நிக்கிற நேரமாப் பார்த்து, கணக்கை பெக்கப் (கொப்பி) எடுத்துவச்சு, சுவரில பிளக்கைக் கழட்டி ஒரு நிமிசம் விட்டு மாட்டினது. மூண்டு தரம். மூண்டு தரமும் ஒருத்தரும் தொடாமலே லொகின் திரை வந்தது. கூடப் பிந்தினது 6 நிமிசம், மற்ற ரெண்டும் 4 க்குள்ள. 7009 இல்லை. பட்டரித் தகட்டில் அந்தப் பச்சை இருந்தது, சுரண்டித் துடைச்சு புது சிஆர்2032 போட்டாச்சு. செங்கலடி அண்ணன், ஃபயர்வோல் எப்படி ஓன் பண்ணுறது?

#17 செங்கலடி_நெட்

ஓன் பண்ணுங்க, மூண்டு ப்ரொஃபைலுக்கும். பிறகு உள்வரவு விதி புதுசா ஒண்டு: டிசிபி, போட் 5900, அனுமதி, டொமெய்ன், ப்ரைவேட், பப்ளிக் மூண்டும் டிக். பப்ளிக்கையும் சேர்க்கிறது நிந்தவூர்க்காரருக்கு வந்தது உங்களுக்கும் வராமல் இருக்க. அதுக்கு ஈடா விதியைத் திரும்பத் திறந்து "ஸ்கோப்" பக்கத்தில் தூர முகவரிகளை ரெண்டா மட்டும் கட்டுங்க: 192.168.1.0/24 உம் 100.64.0.0/10 உம். முதலாவது ஒஃபிஸ் உள் நெட்வேர்க், ரெண்டாவது டெயில்ஸ்கேல் பாவிக்கிற எல்லை. டைட்விஎன்சி இன்ஸ்டோல் ஆகும்போது தானாப் போட்ட விதி பட்டியலில் இருந்தால் அதை முடக்குங்க, அதில் முகவரிக் கட்டு இல்லை.

ரவுட்டரில் 5900 ஐயோ 3389 ஐயோ வெளியில் திறந்து வச்சிருந்தால் இண்டைக்கே மூடுங்க. 8 எழுத்துப் பாஸ்வேர்ட் இன்டர்நெட்டுக்கு முன்னால நிக்காது, டெயில்ஸ்கேல் இருக்கிறபடியால் அந்தத் திறப்பு உங்களுக்குத் தேவையும் இல்லை.

எல்லாம் முடிய இன்னொருக்கா பிளக்கைக் கழட்டி மாட்டிப் பாருங்க. முன் மேசையில் இருந்தும் கல்லடியில் இருந்தும்.

#18 வாவிக்கரை

செய்தன். ரவுட்டரில் 5900 திறந்துதான் கிடந்தது, மூடியாச்சு. பிளக் கழட்டி மாட்டி 5 நிமிசத்தில் ரெண்டு பக்கத்தாலும் உள்ள போனது, ஃபயர்வோல் ஓனில்.